கிண்ணம் காலியானால் வயிறு நிறைந்ததாகுமா?

உணவைப் பற்றி ஆய்வு செய்பவர்களுக்கு முதலாம் ஆண்டிலேயே சொல்லித் தரப்படும் வேறுபாடு ஒன்று உண்டு. வழங்கப்பட்ட உணவு வேறு, உண்ணப்பட்ட உணவு வேறு. தேர்வுத்தாளில் இதைப் பலமுறை எழுதியிருக்கிறோம். இவ்வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை அண்மையில் எங்கள் வீட்டில் 140 கிராம் எடையுள்ள ஓர் உயிர் மீண்டும் நினைவூட்டியது. ஆய்வு மாணவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவ்வுயிரின் பெயர் குண்டுமணி. என் அக்காள் மகள், ஒன்பதாம் வகுப்பு மாணவி, எட்டு மாதங்களுக்கு முன் பெங்களூரிலிருந்து வாங்கிவரச் செய்த ஹாம்ஸ்டர் அது. ஆங்கில அகராதிகள் சில இதனை 'வெள்ளெலி' என்று தமிழாக்குகின்றன. அது பொருந்தாது. வெள்ளெலி நம் வயல்வரப்புகளில் வளை தோண்டி வாழும் வேறோர் இனம். ஹாம்ஸ்டர் நம் நாட்டுக்கு உரியதன்று. பொன்னிற மயிரும், வால் என்று சொல்லவும் தயங்கும் அளவுக்குச் சிறிய வாலும், இரு கன்னங்களிலும் தோள்வரை நீளும் பைகளும் கொண்ட கொறிவிலங்கு. தங்கவயலில் பிறந்த குழந்தை அதற்குப் பொன் நிறுக்கும் விதையின் பெயரை வைத்தது பொருத்தமே.

எங்கள் ஊரைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களிலும் மிகப் பலர் தலித் மக்கள். என் தாய்வழிப் பாட்டனாரும் அவ்வாறு வந்தவரே. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் ஊரின் உழைப்பு தரைக்கு மேல், தண்டவாளத்தின் வழியே, பெங்களூருக்குப் போகத் தொடங்கியது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் இரயிலில் ஏறி, இருட்டியபின் திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். என் அக்காளும் அவர் கணவரும் அவர்களுள் இருவர். நான் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வார இறுதிகளில் மட்டும் வருகிறேன். ஆகவே பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் அம்மா ஒருவரே. குழந்தைக்கும் குண்டுமணிக்கும் சோறிடுபவர் அவரே.

அம்மா உணவிடும் முறைக்கு ஒரு தத்துவம் உண்டு. கிண்ணம் காலியாக இருக்கக் கூடாது என்பதே அது. "வாயில்லா சீவன் அது. பசிக்குதுன்னு கேக்கத் தெரியாது. நாமதான் பார்த்து வைக்கணும்" என்பார். கடையில் வாங்கிய உருண்டைத் தீனி, ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதை, கொஞ்சம் கேழ்வரகு, சோற்றுப் பருக்கை, மாலைத் தேநீரின்போது பிஸ்கட்டில் ஒரு துண்டு. இரவில் வைத்ததெல்லாம் காலையில் காணாமல் போயிருக்கும். அம்மாவுக்கு அது நிறைவு. "வெச்சதெல்லாம் துடைச்ச மாதிரி தின்னுட்டான்" என்று தொலைபேசியில் எனக்குச் சொல்வார்.

ஆனால் சமையலறைத் தராசு வேறொன்றைச் சொன்னது. வந்தபோது 120 கிராம் இருந்த குண்டுமணி ஆறு மாதத்தில் 180 கிராமை எட்டியது. இன்னும் வளரும் வயதில் வந்த விலங்கு ஆதலால் கொஞ்சம் ஏறுவது இயல்பே. எனினும் சக்கரத்தில் ஓடுவது குறைந்தது, மயிர் மங்கியது. குழந்தை பயந்துபோனாள். ஹாம்ஸ்டர்களின் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுகள்தாம். அதில் ஒரு பகுதியை இப்படி இழக்க அவளுக்கு மனமில்லை. "இவ்வளவு நல்லா சாப்பிடுது, அப்புறம் ஏன் சித்தி இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

விடை கூண்டின் மூலையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் கூண்டைத் தூய்மை செய்தோம். மரத்தூளுக்கும் கிழித்த காகிதத்துக்கும் அடியில் குண்டுமணியின் களஞ்சியம் வெளிப்பட்டது. உருண்டைத் தீனி ஏறத்தாழ முழுமையாக அங்கே இருந்தது. கேழ்வரகு குவியலாக இருந்தது. வாடிக் கறுத்த கொத்தமல்லித் தழை இருந்தது. சூரியகாந்தி மட்டும் வெறும் தோல்களாகக் கிடந்தது. பிஸ்கட்டின் தடயமே இல்லை. கிண்ணத்தில் வைத்தவை பல. குண்டுமணி உண்டவை இரண்டு மூன்று. கிண்ணம் காலியானது உண்மை. அதிலிருந்து நாங்கள் பெற்ற செய்திதான் உண்மையில்லை.

இந்நடத்தையில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கன்னப்பையில் தானியத்தை நிரப்பி வளைக்குக் கொண்டுசென்று பதுக்குவதே இவ்வினத்தின் வாழ்முறை. ஜெர்மன் மொழியில் பொருள்களைப் பதுக்கிவைத்தலைக் குறிக்கும் வினைச்சொல்லே இவ்விலங்கின் பெயரிலிருந்து பிறந்ததுதான். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களின் மூதாதையரும் அத்தகைய ஒரு வளையிலிருந்துதான் வந்தனர். 1930இல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி, சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு கோதுமை வயலைத் தோண்டி ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் எடுத்தார். பிழைத்த சிலவற்றிலிருந்து பல்கிய மரபே இது. அத்தேடலுக்கு வித்திட்டவர் சால் ஆட்லர் என்ற ஒட்டுண்ணியியல் அறிஞர். லீஷ்மேனியா நோயை ஆராய அவருக்கு ஓர் ஆய்வக விலங்கு தேவைப்பட்டது. அந்நோயின் வகைகளுள் ஒன்றான காலா அசார் நோயின் கிருமியை 1903இல் சென்னையில் கண்டு விவரித்தவர் சார்லஸ் டோனவன் என்பதை நம்மில் பலர் அறிவோம். அவருடைய பெயரும் லீஷ்மனின் பெயரும் இணைந்தே அக்கிருமிக்கு வழங்குகின்றன. மனிதரின் நோயை அறியவே இவ்விலங்கு மனிதரிடம் வந்தது. செல்லப்பிராணியானது பிற்பாடு.

கொறிவிலங்கின் வழியே மனித உணவை அறிய முயன்ற இன்னொரு நிகழ்வு நமக்கு மிக அருகிலேயே நடந்தது. 1920களில் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இந்தியாவின் ஒரு பகுதி மக்களின் உணவை அளித்து வளர்த்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளி, மதராசி என்று குழுக்களுக்குப் பெயர். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றை உண்ட சீக்கியக் குழு எடையில் முதலில் நின்றது. தீட்டிய அரிசியை முதன்மையாக உண்ட மதராசிக் குழு கடைசியில் நின்றது. கன்னடக் குழு இடையில். குன்னூரின் அந்த ஆய்வகமே பின்னர் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மெக்கரிசனுக்குப் பின் அதன் பொறுப்பை ஏற்ற அய்க்ராய்டு 1937இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையே இன்றுள்ள அட்டவணைகளுக்கெல்லாம் முன்னோடி.

தங்கவயலைச் சேர்ந்தவள் என்ற முறையில் இச்சோதனையை நான் தனிப்பட்ட ஈடுபாட்டோடு படித்தேன். மதராசி உணவும் கன்னட உணவும் ஒரே அடுப்பில் சந்தித்த ஊர் எங்களுடையது. வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள் கேழ்வரகு விளையும் கோலார் மண்ணில் குடியேறினார்கள். களியும் சோறும் எங்கள் வீடுகளில் இன்றும் மாறி மாறி வருகின்றன. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. இந்த ஓர் எண்ணே எங்கள் ஊர் மூதாட்டிகள் பலரின் எலும்புக்குக் காவலாக இருந்திருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்வேன்.

எனினும் அச்சோதனையில் இரு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, அதன் விளக்கம் பற்றியது. உடல்வலிமையை 'இனங்களோடு' முடிச்சுப்போட்டுப் பேசிய காலம் அது. மதராசி ஏன் தீட்டிய அரிசியையே உண்டான், அவன் கூலி பாலை எட்டியதா என்ற கேள்விக்கு எலிக்கூண்டில் இடமில்லை. இரண்டாவது, அதன் முறை பற்றியது. ஆய்வகத்தில் உணவு மூன்று எண்களாகப் பதிவாகும்: வைத்தது, சிந்தியது, உண்டது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால்தான் மூன்றாவது கிடைக்கும். அந்தக் கழித்தலைச் செய்யாத உணவாய்வு ஆய்வாகாது. எங்கள் வீட்டில் குண்டுமணியின் கிண்ணத்துக்கு அந்தக் கழித்தல் நடக்கவில்லை.

ஆகவே குழந்தை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட்டாள். தேதி, வைத்தது, களஞ்சியத்தில் மீந்தது, எடை. இரண்டு வாரப் பதிவுக்குப் பின், கால்நடை மருத்துவர் ஒருவரின் அறிவுரையோடு, உணவை மாற்றி அமைத்தோம். ஹாம்ஸ்டர் வளர்க்கும் மாணவர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள் என்பதால் அதன் சுருக்கம்:

வளர்ந்த பொன்னிற ஹாம்ஸ்டருக்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் உலர்தீனி போதும். அதில் பெரும்பங்கு, எல்லாச் சத்தும் ஒரே உருண்டைக்குள் அடங்கிய தீனியாக இருக்க வேண்டும். புரதம் 16 முதல் 20 விழுக்காட்டை ஒட்டி இருத்தல் நன்று. உருண்டையின் பயன் அதன் சத்தில் மட்டுமில்லை. கலவைத் தீனியில் விலங்கு தனக்குப் பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ளும். உருண்டையில் அவ்வாறு பொறுக்க வழியில்லை. மீதப் பங்குக்குக் கேழ்வரகு, தினை, கம்பு ஆகியவை ஒரு சிட்டிகை. கேழ்வரகில் புரதம் 7 விழுக்காடு அளவே ஆதலால் அதனை மட்டும் நம்பக் கூடாது. வாரம் இருமுறை உப்பில்லாமல் அவித்த முட்டையிலோ கொள்ளிலோ விரல்நகம் அளவு. வெள்ளரி, கேரட், கொத்தமல்லி போன்றவை நாளும் சிறு துண்டு. நீர்ச்சத்து மிகுந்த காயை அளவுமீறித் தந்தால் வயிற்றுப்போக்கு வரும்; இவ்வளவு சிறிய உடலில் அது உயிருக்கே ஆபத்து. சூரியகாந்தி விதையின் பருப்பில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு, சுண்ணாம்புச்சத்தோ குறைவு. ஆதலால் அது உணவில்லை, பரிசு. நாளுக்கு ஒன்றிரண்டு, அதுவும் கையால். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை இனங்கள், சாக்லெட், வேகாத பயறு, பச்சை உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, ஆப்பிள் விதை, உப்பும் மிளகாயும் எண்ணெயும் சேர்ந்த எந்தப் பண்டமும் கூடாது. குழைந்த சோறும் இனிப்பும் கன்னப்பையில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல், பத்து நாள்களில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும். களஞ்சியத்தை முற்றாக அழிக்கக் கூடாது. அழுகக்கூடியதை எடுத்துவிட்டு உலர்ந்ததில் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். சேமிப்பை இழந்த ஹாம்ஸ்டர் அமைதி இழக்கும்.

இவற்றை ஏற்க அம்மாவுக்குக் கடினமாக இருந்தது. பிஸ்கட்டை நிறுத்தியதை அவர் தண்டனையாகவே கண்டார். "பசி தெரியாதவங்கதான் அளந்து போடுவாங்க" என்று ஒரு மாலை சொன்னார். அச்சொல்லுக்கு எதிர்ச்சொல் என்னிடம் இல்லை. இருக்கவும் கூடாது என்று எண்ணுகிறேன். அம்மாவின் இளமையில் சம்பள நாளுக்கு முந்தைய வாரம் அடுப்புகள் எப்படி எரிந்தன என்பதை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அளவு என்ற சொல் அவருடைய செவியில் பற்றாக்குறையின் மறுபெயராகவே ஒலிக்கும். நிரம்பிய கிண்ணம் அவருக்கு விடுதலையின் அடையாளம். சரிவிகித உணவு என்று பேசும் நாம், அளந்து உண்ணும் பேச்சே அவமானமாக இருந்த ஒரு தலைமுறையோடு பேசுகிறோம் என்பதை மறந்தால், நம் அட்டவணை எவ்வளவு சரியாக இருந்தாலும் செவியேறாது.

ஆனால் நோட்டுப் புத்தகம் அங்கே நிற்கவில்லை. குழந்தைகளின் பதிவுப் பழக்கம் பரவும் தன்மை உடையது. மூன்றாம் வாரத்தில் அவள் அதே பக்கத்தில் இன்னொரு பத்தியைச் சேர்த்திருந்தாள். தலைப்பில் 'ஆயா' என்று எழுதியிருந்தது. குண்டுமணிக்குத் தீனி வைத்துவிட்டு ஆயா என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுதத் தொடங்கியிருந்தாள். எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூண்டருகே உட்கார்ந்து எழுதும்போது அடுத்து கண்ணில் பட்டவரை எழுதினாள், அவ்வளவே.

அந்தப் பத்தியைப் படித்த வார இறுதியை நான் மறக்க இயலாது. ஏழு இரவுகளில் மூன்றில் அம்மாவின் இரவுணவு தேநீரும் பிஸ்கட்டும். இரண்டில் சோறும் ரசமும், குழம்பு தீர்ந்திருந்தது. முட்டை வைத்த இரு நாள்களிலும் அவர் பத்தியில் முட்டை இல்லை. இரயில் தாமதமான இரவில் பத்து மணிக்கு மேல், அக்காளும் மாமாவும் உண்டபின், பாத்திரத்தில் ஒட்டியதைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்திருக்கிறார். அம்மாவுக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரையை நேரத்துக்கு விழுங்குகிறார். உணவைத்தான் நேரத்துக்கு உண்பதில்லை. மருத்துவமனையில் தந்த உணவு அட்டவணை குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. வீட்டில் அரிசி இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது, முட்டை வாங்கப்படுகிறது. பாத்திரங்கள் இரவில் காலியாகின்றன. ஆகவே எல்லோரும் உண்டார்கள் என்றே வீடு நம்பிவந்தது.

இங்கேதான் குண்டுமணியின் கிண்ணமும் எங்கள் சமையலறையும் ஒரே கேள்வியாகின்றன. நம் நாட்டில் உணவைப் பற்றிய மிகப் பெரிய தரவுகள் வீட்டை ஓர் அலகாகக் கொண்டவை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் நுகர்வுச் செலவு ஆய்வு ஒரு வீட்டில் எத்தனை கிலோ அரிசி, எத்தனை முட்டை, எவ்வளவு பால் என்று கேட்கிறது. விடையைத் தலைக்கணக்கால் வகுத்தால் ஒருவருக்கு இவ்வளவு என்று ஓர் எண் வரும். அவ்வெண்ணில் என் அம்மா முட்டை உண்டவராக இருப்பார். 1972இல் தொடங்கப்பட்ட தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு, ஒவ்வொருவரும் கடந்த 24 மணி நேரத்தில் உண்டதைத் தனித்தனியே கேட்டுப் பதிந்தது. அத்தகைய ஆய்வு செலவு மிகுந்தது, மெதுவானது, களப்பணியாளரின் பொறுமையை உண்பது. ஆனால் கடைசியில் உண்ணும் பெண் தென்படுவது அங்கேதான். அதிலும், "நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் என் அம்மா "சோறு, குழம்பு" என்றே சொல்வார். சமைத்ததைச் சொல்வார், உண்டதைச் சொல்லமாட்டார். அதை வெளிக்கொணரக் கூண்டருகே நோட்டோடு உட்கார்ந்த ஒரு குழந்தை வேண்டியிருந்தது.

இதன்பின் வீட்டில் பெரிய உரையாடல் எதுவும் நடக்கவில்லை. அம்மாவிடம் அப்பத்தியை யாரும் படித்துக் காட்டவுமில்லை. அது அவரைக் கூசச் செய்திருக்கும். அக்காள் இரு மாற்றங்களைச் செய்தார். இரவு எட்டரைக்குக் குழந்தையும் அம்மாவும் முதலில் உண்ண வேண்டும். இரயிலில் வருபவர்கள் வந்தபின் தாமே பரிமாறிக்கொள்வார்கள். குழம்பிலும் முட்டையிலும் அம்மாவின் பங்கு தனிக் கிண்ணத்தில் முதலிலேயே எடுத்துவைக்கப்படும். முதல் சில நாள்கள் அம்மா அக்கிண்ணத்தையும் குழந்தையின் தட்டில் கவிழ்த்தார். குழந்தை நோட்டைத் திறந்து, "ஆயா, மீந்ததுன்னு எழுதட்டுமா?" என்று கேட்டாள். அம்மா சிரித்துவிட்டார்.

குண்டுமணியின் எடை இப்போது 140 கிராமில் நிற்கிறது. சக்கரத்தின் ஓசை இரவில் மீண்டும் கேட்கிறது. அம்மாவின் சர்க்கரை அளவு அடுத்த மாதப் பரிசோதனையில்தான் தெரியும்; இரு மாத மாற்றத்தை வைத்துப் பெரிதாக எதையும் கூற நான் துணியமாட்டேன். பிஸ்கட்டுக்குப் பதிலாக மாலையில் ஒரே ஒரு சூரியகாந்தி விதையைக் கையில் வைத்து நீட்டுவது அம்மாவின் உரிமையாக விடப்பட்டுள்ளது. அதை அவர் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

களப்பணிக்குச் செல்லவிருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வினாத்தாளில் கிலோக்களைக் கேட்டு முடித்தபின் இன்னும் மூன்று கேள்விகளுக்கு இடம் ஒதுக்குங்கள். நேற்று இந்த வீட்டில் கடைசியாக உண்டவர் யார்? அப்போது பாத்திரத்தில் என்ன இருந்தது? அதற்கு விடை சொல்பவர் அவர்தானா, அல்லது அவருக்காகப் பேசும் வேறொருவரா? உங்கள் கள அனுபவத்தில் இக்கேள்விகளை எவ்வாறு கேட்டீர்கள், எத்தகைய விடைகள் வந்தன என்பதைப் பின்னூட்டத்தில் எழுதினால் எனக்கும் என்போன்ற மற்றவர்களுக்கும் உதவியாக இருக்கும்.